‘ஒன்றுமில்லை’ என்பது ஒரு முடிவல்ல

“ஈ.சி.ஜி. நார்மல். எக்கோ நார்மல். வயசும் சின்ன வயசு. உனக்கு ஒண்ணுமில்லம்மா, எல்லாம் டென்ஷன்.” காரணம் தெரியாத படபடப்போடும் தலைசுற்றலோடும் மருத்துவமனைக்குப் போகும் இளம் வயதினர் பலரும் வாங்கிவரும் தீர்ப்பு இதுதான். 23 வயதில் தொடங்கி நான்கு ஆண்டுகளில் நான்கு மருத்துவர்களிடம் நானும் வாங்கியிருக்கிறேன். மருத்துவர் ஒருமுறை சொன்னதை வீடு நூறு முறை சொல்லும். அதன்பிறகு நெஞ்சில் கை வைத்தாலே, “அதான் டாக்டரே சொல்லிட்டாரே” என்று வாயை அடைத்துவிடுவார்கள். இந்தத் தீர்ப்பு தர்க்கப்படி பிழையானது. விளைவுகளைப் பார்த்தால் கொடுமையானது. அதைக் காரணங்களோடு மறுக்கவே இதை எழுதுகிறேன்.

எதிர்த்தரப்பைக் குறைத்துச் சொல்லி வெல்ல எனக்கு விருப்பமில்லை. அவர்கள் சொல்வது இது: இளம் வயதில் வரும் படபடப்பில் பெரும்பகுதி ஆபத்தில்லாதது. நல்ல இதயத்திலும் அவ்வப்போது ஒரு துடிப்பு முந்திக்கொண்டு விழும். கவனித்தவருக்குத் தெரியும், கவனிக்காதவருக்குத் தெரியாது. பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், அந்த வேகத்தைக் கண்டு பயம் இன்னும் கூடும். தேவையற்ற பரிசோதனைகள் பணத்தைக் கரைக்கும். பொருட்படுத்த வேண்டாததைப் பெரிதாகக் காட்டி மிரட்டவும் செய்யும். ஆகவே ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்புவதே நல்ல வைத்தியம். கடைசி வரியைத் தவிர இதில் எல்லாமே உண்மை. அந்தக் கடைசி வரியோ முன்னுள்ளவற்றிலிருந்து பிறக்கவில்லை. ‘காரணம் இன்னும் அகப்படவில்லை’ என்பதும் ‘காரணமே இல்லை’ என்பதும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாக்கியதில்தான் கோளாறு இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பத்து வினாடிச் சாட்சியை வைத்து ஒரு மாதத்துக்குத் தீர்ப்பு எழுதலாமா?

சாதாரண ஈ.சி.ஜி. பதிவு செய்வது சுமார் 10 வினாடி. தாள் வினாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும். ஆக, கையில் கிடைப்பது ஒரு சாண் சொச்சம் நீளமுள்ள இதய வரலாறு. மாதத்துக்கு இரண்டு முறை, முறைக்குப் பத்து நிமிடம் ஒருவருக்குப் படபடப்பு வருகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். 30 நாள் மாதத்தில் 43,200 நிமிடங்கள். அவற்றில் 20 நிமிடம்தான் குற்றம் நடக்கிறது. மீதி 43,180 நிமிடங்களில் எப்போது எடுத்தாலும் தாள் ‘நார்மல்’ என்றே சொல்லும். தாள் பொய் சொல்லவில்லை. அது பார்க்காத நேரத்துக்கும் சேர்த்து நாம்தான் அதைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுகிறோம்.

இந்தக் குறை மருத்துவ உலகுக்குத் தெரியாததல்ல. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர், நடமாடும் மனிதரின் இதயத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றே பல்லாண்டுகள் உழைத்தார். அவருடைய தொடக்கக் காலக் கருவி முதுகில் சுமந்து திரியும்படி இருந்தது. எடை சுமார் 38 கிலோ. அது சுருங்கிச் சுருங்கி, 1961-இல் ‘சயின்ஸ்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை வழியே உலகெங்கும் அறிமுகமானது. இன்று இடுப்பில் மாட்டிவிடும் 24 மணி நேர ஹோல்டர் அதன் வழிவந்ததுதான். ஆனால் 24 மணி நேரம் என்பதும் மாதத்தில் முப்பதில் ஒரு பங்கு. எனக்கு மாட்டிய அன்று படபடப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் காலை கழற்றிக் கொடுத்தேன். அதற்கடுத்த ஞாயிறன்று துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போது வந்தது. கோப்பில் மட்டும் ‘ஹோல்டர் நார்மல்’ என்று ஏறிவிட்டது.

அறிகுறி வரும் நேரத்தில் பதிவு செய்தால் என்ன ஆகும் என்பதைப் பிரிட்டனில் ஒரு ஆய்வு சோதித்தது. முடிவு 2019-இல் வெளியானது. படபடப்பு அல்லது மயக்கம் வருவதுபோன்ற உணர்வோடு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் ஒரு பாதியினருக்கு, கைபேசியோடு இணைந்த சிறு ஈ.சி.ஜி. கருவியைக் கொடுத்தனுப்பினார்கள். 90 நாட்களுக்குள் அவர்களில் 55.6 சதவீதம் பேரிடம் அறிகுறி வந்த நேரத்துத் துடிப்பு பதிவானது. வழக்கமான கவனிப்பில் இருந்த மறுபாதியில் அது 9.5 சதவீதம் மட்டுமே. பதிவானவர்களில் பெரும்பாலோருக்கு அஞ்ச வேண்டியது எதுவும் இல்லை என்பதும் அதிலேயே தெரிந்தது. அதுதான் உண்மையான ஆறுதல். ‘வந்தபோது பார்த்தோம், ஆபத்தில்லை’ என்பது ஆறுதல். ‘வராதபோது பார்த்தோம், ஆபத்தில்லை’ என்பது ஊகம்.

2. பயத்தால் படபடப்பா, படபடப்பால் பயமா?

திடீர்ப் பீதி நோய்க்குரிய அடையாளங்களை எடுத்துப் பாருங்கள்: நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், கை நடுங்கும், மூச்சு முட்டும், செத்துவிடுவோமோ என்று தோன்றும். இப்போது, மின்னோட்டக் கோளாறால் இதயம் சட்டென நிமிடத்துக்கு 180 முறை அடிக்கத் தொடங்கிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கும் இவை அத்தனையும் இருக்கும். இரண்டு நோய்க்கும் ஒரே பட்டியல் பொருந்துமென்றால், பட்டியலை மட்டும் வைத்து ‘இது மனசுதான்’ என்று எப்படிச் சொல்வது?

அப்படிச் சொல்லி ஏமாந்தார்கள் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 1997-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இதயத்தின் மேலறைப் பாதையில் எழும் மிகைத்துடிப்பு இருப்பது உறுதியான 107 பேரை எடுத்துக்கொண்டது. அவர்களில் 67 சதவீதம் பேருடைய அறிகுறிகள் பீதி நோயின் இலக்கணத்துக்கு அப்படியே பொருந்தின. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் மருத்துவப் பரிசோதனையில் நோய் பிடிபடவில்லை. அப்படித் தவறவிடப்பட்டவர்களுக்கு அது தெரியவர ஆன இடைநிலைக் காலம் 3.3 ஆண்டுகள். மனப்பதற்றம் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் ஆண்களைவிடப் பெண்களின் பங்கு அதிகம். இந்த வகை மிகைத்துடிப்பில் பரவலாகக் காணப்படும் ஒன்றை, தொடை வழியே நுண்குழாய் செலுத்திச் சரிசெய்துவிட முடிகிறது. நூற்றில் 95 பேருக்கு மேல் பலன் கிடைக்கிறது. தீர்க்கக்கூடிய ஒன்றைச் சுமந்துகொண்டு மூன்று ஆண்டுக்கு மேல் ‘உன் மனசுதான்’ என்று கேட்டுக்கொண்டிருப்பது எப்படிப்பட்ட வாழ்க்கை!

பிரித்தறியச் சில கேள்விகள் போதும். சுவிட்ச் போட்டதுபோல் சட்டென வருகிறதா, மெல்ல ஏறுகிறதா? சட்டென நிற்கிறதா? கழுத்தில் அடிப்பது தெரிகிறதா? நின்றபிறகு அடிக்கடி சிறுநீர் போகிறதா? நான்கு கேள்விக்கு இரண்டு நிமிடம். நான்கு ஆண்டுகளில் என்னிடம் முதல் மூன்று மருத்துவர்கள் இவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை. “கல்யாணம் ஆயிடுச்சா?” என்று மூவரும் கேட்டார்கள்.

3. இளமை எந்த நோய்க்கு வேலி?

வயதை எடுத்துக்காட்டுபவர்கள் மனதில் இருப்பது மாரடைப்பு, அதாவது ரத்தக்குழாய் அடைப்பு. அது 25 வயதில் அரிது என்பது சரி. ஆனால் இதயத்துக்கு வரும் நோய் அது ஒன்றுதானா? பிறவியிலேயே கூடுதல் மின்பாதையோடு பிறப்பவர்கள் உண்டு; 1930-இல் வுல்ஃப், பார்க்கின்சன், வொயிட் என்ற மூவர் விவரித்த இந்த நிலை இளையவர்களிடமே அதிகம் வெளிப்படுகிறது. இதயத்தசை தடிக்கும் பரம்பரை நோய் ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. துடிப்புக்குப் பின் மின்நிலை மீள்வதற்குத் தாமதமாகும் பரம்பரைக் குறை சிறு வயதிலேயே மயக்கமாக வெளிப்படும். சிறுவயதுத் தொண்டைப்புண்ணில் தொடங்கி இதய வால்வைச் சுருக்கும் ருமாட்டிக் நோய் நம் நாட்டில் இன்னும் ஒழியவில்லை. அதுவும் இளையவர்களின் நோயே. ‘வயது சின்னது’ என்பது ஒரு நோயை விலக்குகிறது. வேறு பலவற்றைத் தேடச் சொல்கிறது.

இங்கே எதிர்ப்பக்கத்துப் பீதிக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இளைஞர் ஒருவர் திடீரென இறந்த செய்தி வந்தால் உடனே தடுப்பூசிமேல் பழி போடுகிறார்கள். சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காக, நாடெங்கும் 47 மருத்துவமனைகள் வழியே 18 முதல் 45 வயதுக்குள் நேர்ந்த திடீர் மரணங்களை ஆராய்ந்தது. தடுப்பூசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை என்றே தெரியவந்தது. கூட்டியவை: கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நிகழ்ந்திருந்தது, அளவுமீறிய குடி, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் செய்த கடும் உடலுழைப்பு போன்றவை. இந்தப் பட்டியலில் ‘குடும்பத்தில் திடீர் மரணம்’ என்பதைக் கவனியுங்கள். அதை அறிய எந்தக் கருவியும் வேண்டாம். “உங்க வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?” என்று வாய்விட்டுக் கேட்டால் போதும். ‘ஒன்றுமில்லை’ என்று முடிவெடுத்துவிட்டவர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

4. நிற்கும்போது வரும் தொல்லையைப் படுக்கவைத்துத் தேடினால் கிடைக்குமா?

நான் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. காலை இறைவணக்கத்தில் இருபது நிமிடம் நிற்க வேண்டும். பத்தாவது நிமிடம் காது அடைக்கும். கண்ணை இருட்டிக்கொண்டு வரும். நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருக்கும். கொடிக்கம்பத்தை ஒட்டி நிற்கப் பழகிக்கொண்டேன். சக ஆசிரியை, “சாப்பிடாம வந்தீங்களா மிஸ்?” என்பார். மருத்துவமனையிலோ ஈ.சி.ஜி.யும் எக்கோவும் படுக்கவைத்தே எடுக்கப்படும். படுத்தால் எனக்கு ஒன்றுமில்லை. அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழுந்து நின்ற 10 நிமிடத்துக்குள் ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமலே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30-க்கு மேல் கூடி நிலைத்திருந்தால் அதற்கு ‘பாட்ஸ்’ என்று பெயர். 12 முதல் 19 வயதுவரை அளவுகோல் 40. இந்தப் பெயர் 1993-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து வந்தது. பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வருகிறது. கொரோனாவுக்குப் பின் பலருக்கும் வந்திருக்கிறது. இதைத் தேட ஒரு சுவர், ஒரு கடிகாரம், ஒரு பி.பி. கருவி போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் செய்து பார்த்தோம். பாயில் பத்து நிமிடம் படுத்தேன். அம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்: 74. எழுந்து சுவரில் சாய்ந்து நின்றேன். ஒவ்வொரு இரண்டு நிமிடத்துக்கும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினார். பத்தாவது நிமிடம் 118. அதுவரை பெருங்காய மோரும் ஓமத்தண்ணீரும் கொடுத்து, “கேஸ்தான், வேறென்ன” என்று சொல்லிவந்தவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “இவ்ளோ வேகமாவா ஓடுது?” என்றார். அடுத்த வாரம் அதே சோதனையில் 92-ஐத் தாண்டவில்லை. எனக்கு இன்றுவரை உறுதியான பெயர் கிடைக்காததற்கு இந்த ஏற்ற இறக்கமும் ஒரு காரணம். ஆனால் அந்தக் காலண்டர் தாளுக்குப் பிறகு என் வீட்டில் யாரும் ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லவில்லை.

நான் கம்பத்தில் சாய்ந்துகொள்ளலாம். நாள் முழுக்க நின்றே ஆகவேண்டிய ஜவுளிக்கடைப் பெண்களுக்கு உட்காரும் உரிமையைத் தமிழகச் சட்டமன்றம் 2021-இல்தான் சட்டமாக்கியது. “நின்னா மயக்கமா வருது சார்” என்று சொல்லும் ஒரு பெண்ணிடம் ‘ரிப்போர்ட் நார்மல்’ என்ற தாள் இருந்தால், மேலாளர் அதை அவளுக்கு எதிராகவே நீட்டுவார்.

5. இதயத்தைப் பார்த்தீர்கள், ரத்தத்தைப் பார்த்தீர்களா?

படபடப்புக்கு இதயத்துக்கு வெளியே காரணங்கள் ஏராளம். ரத்தசோகை, தைராய்டு மிகைச்சுரப்பு, சில ஆஸ்துமா மருந்துகள், எனர்ஜி டிரிங்க் என்ற பெயரில் விற்கும் காஃபீன் பானங்கள். 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தம் குறைவாக இருக்கும் மாநிலத்தில், மூச்சு வாங்குகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று ஒரு பெண் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின். அதைப் பார்க்காமலே மனசுக்குத் தாவுவது எந்த வரிசை?

6. மனசுதான் என்றே வைத்துக்கொண்டாலும், மனசு ‘ஒன்றுமில்லை’யா?

பதற்றநோய் உண்மையான நோய். அதற்கு ஆலோசனை உண்டு, பயிற்சி உண்டு, மருந்து உண்டு. அதுதான் காரணம் என்று மருத்துவர் உண்மையிலேயே நம்பினால், அதற்கான இடத்துக்கு அனுப்ப வேண்டும். நடப்பதோ வேறு. ‘டென்ஷன்’ என்று சொல்லிவிட்டு ஒரு பட்டை தூக்க மாத்திரை எழுதித் தருகிறார்கள். பழைய சீட்டைக் காட்டியே மெடிக்கலில் அது திரும்பத் திரும்ப வாங்கப்படுகிறது. பழக்கமாகிவிடக்கூடிய மருந்து அது. இதயத்தைத் தேடுவதை நிறுத்தவே ‘மனசு’ என்ற சொல் பயன்படுகிறது; மனசைப் பார்க்க அல்ல.

இந்தத் தள்ளுபடிக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் படபடப்பு, மூச்சுத்திணறல், களைப்போடு வந்த படைவீரர்களைப் பற்றி 1871-இல் ஜேக்கப் டா கோஸ்டா எழுதினார். முதல் உலகப் போரில் அதே தொல்லைக்குப் புதுப்பெயர்கள் வந்தன. 1941-இல் லண்டன் இதயநோய் வல்லுநர் பால் வுட் அதைப் பெருமளவும் பதற்றத்தின் கணக்கில் சேர்த்தார். அரை நூற்றாண்டு கழித்து, அந்த அறிகுறிக் கூட்டத்தின் ஒரு பகுதிக்கு, நிற்கவைத்து எண்ணிப் பார்க்கும் அளவுகோல் கிடைத்தது. அந்த வீரர்களில் பலர் பயந்தும் இருந்திருக்கலாம். பயந்தவருக்கு உடம்பில் கோளாறு இருக்காது என்று எந்த விதியும் இல்லை. அளக்கத் தெரியாத காலத்தில் ‘தெரியவில்லை’ என்று சொல்லியிருந்தால் தேடல் நின்றிருக்காது.

7. பரிசோதனைகளைக் குறைக்கத்தானே ‘ஒன்றுமில்லை’ என்கிறோம் என்பவர்களுக்கு.

நடப்பது நேர்மாறு. நம்பப்படாதவர் அடுத்த மருத்துவரிடம் போவார். அவர் முதலிலிருந்து தொடங்குவார். என் அலமாரியில் நான்கு எக்கோ ரிப்போர்ட்கள் இருக்கின்றன. நான்கும் ஒரே வாசகம். மாஸ்டர் ஹெல்த் செக்கப் இரண்டு முறை. முதல் மருத்துவர் கோப்பைத் திறந்தே வைத்திருந்தால் மூன்று எக்கோவின் பணம் மிஞ்சியிருக்கும். நான் கேட்பது கூடுதல் பரிசோதனை அல்ல. உரிய நேரத்தில் உரிய பரிசோதனை, அதற்கும் முன்னால் காதுகொடுத்துக் கேட்பது.

இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். இரண்டுமுறை ‘ஒன்றுமில்லை’ என்று கேட்டபின் மூன்றாம் முறை போகாதவர்கள். வரன் பார்க்கும் வீடுகளில் “நெஞ்சு வலின்னு வெளிய சொல்லாத” என்று அடக்கப்படும் பெண்கள். ஓடும்போது மயங்கி விழுந்துவிட்டு, “டென்ஷன்தான்” என்று தானே சொல்லிக்கொண்டு எழுந்துபோகும் கல்லூரி மாணவர்கள். உழைக்கும்போதோ விளையாடும்போதோ வரும் மயக்கம், படபடப்போடு சேர்ந்த நினைவிழப்பு, நெஞ்சுவலி, குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் — இவற்றில் ஒன்று இருந்தாலும் ‘பிறகு பார்க்கலாம்’ என்பது தவறு. அப்போதே 108-ஐ அழைக்க வேண்டிய நேரங்களும் இவற்றில் உண்டு. பொய்யான ஆறுதலால் கெடுவது, மெய்யான ஆபத்து வரும் நாளில் வாய் திறக்கும் துணிவு.

ஐந்தாவதாக நான் பார்த்த மருத்துவர் எல்லாத் தாள்களையும் படித்தார். அம்மாவின் காலண்டர் தாளையும் படித்தார். என்னை அங்கேயே நிற்கவைத்து எண்ணினார். பிறகு, “உனக்கு என்னன்னு எனக்கு இன்னும் தெரியலம்மா. உடனடி ஆபத்து இருக்கிற மாதிரி தெரியல. வரும்போதெல்லாம் எழுதி வை, மூணு மாசத்துல வா” என்றார். நான்கு ஆண்டுகளில் அன்றிரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன். என் நோய்க்கு இன்னும் பெயரில்லை. தண்ணீர் கூடுதலாகக் குடிக்கிறேன், மெல்ல எழுகிறேன், குறிப்பேட்டில் எழுதுகிறேன், வகுப்பில் நாற்காலி கேட்டு வாங்கிக்கொண்டேன். பெயர் தெரியாத ஒன்றோடு வாழ முடிகிறது. பொய்க்காரி என்ற பெயரோடுதான் வாழ முடியவில்லை.

ஆகவே மருத்துவர்களே, தெரியாதபோது ‘தெரியவில்லை’ என்று சொல்லுங்கள். அது உங்கள் மதிப்பைக் குறைக்காது. வீட்டிலுள்ளவர்களே, உங்கள் பிள்ளை அடுத்தமுறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆறுதல் வார்த்தையைத் தேடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடியுங்கள். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். அந்த எண்ணை, நாளும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள்.